கண்ணாடியா சிலேட்டா

ஸ்த்ரூமிட்சா, மார்ச் 9

தம்பி மெத்தோதிக்கு, அக்கா வெலிகா. நானும் என் முழங்காலும் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். நீயும் உன் ரத்த அழுத்தமும் எப்படி?

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஸ்கோப்யேயில் உன் அலுவலகக் கூட்ட அறைச் சுவரில் இருக்கிற சிவப்புக் கறை என்னுடையது. சுவரில் படம் தெரிந்தது. பாங்க் மெஷின் மாதிரி விரலால் அழுத்தினால் திறக்கும் என்று நினைத்து மூன்று தடவை அழுத்தினேன். திறக்கவில்லை. நாலாவது தடவை கொஞ்சம் பலமாக அழுத்தினேன். அது ப்ரொஜெக்டர் வெளிச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது ரொட்டியில் நம் மிளகாய் விழுதை, அய்வாரைத்தான், தடவித் தின்ற கை அது. "யாரு பண்ண வேலை இது?" என்று உன் மேனேஜர் கேட்டான். உன்னைக் காட்டிவிட்டேன்.

இனி விஷயம். நம் அய்வார் ஃபாக்டரியின் திட்டக் கணக்கை எல்லாரும் கம்ப்யூட்டரில் படமாகப் பார்க்க ஏதோ ஒரு திரை வாங்க வேண்டும் என்கிறாய். ரெண்டு காட்டினார்கள். முதலாவது நல்ல அழகு, வரைபடம், கலர், வட்டம் எல்லாம் உண்டு. ஆனால் பார்க்க மட்டும்தான். அதற்குக் கண்ணாடி என்று பேர் வைத்திருக்கிறேன். ரெண்டாவது கட்டம் கட்டமாக, அழகில்லாமல், உன் பள்ளிக்கூடப் போட்டோ மாதிரி இருந்தது. ஆனால் கட்டத்துக்குள் நம்பர் அடித்தால் திட்டத்திலேயே அது மாறுகிறது. அது சிலேட்டு.

நீ கண்ணாடிக்குக் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறாய். அப்பா ஃபாக்டரியைப் பாதிப் பாதியாக எழுதி வைத்துப் போனதால் என் கையெழுத்து இல்லாமல் நீ ஒரு ஸ்டூல்கூட வாங்க முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. காகிதம் என்னிடமே இருக்கிறது. அதன்மேல் பூண்டு காய்கிறது.

போனில் பேசலாம் என்றால், போன தடவை நாம் பேசியதைக் கேட்க மிளகாய் சுடும் கொட்டகையில் முப்பத்தோரு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதனால் கடிதமே நல்லது. பஸ் டிரைவர் ரிஸ்டோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெலிகா


ஸ்கோப்யே, மார்ச் 17

அக்கா அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதம் தாமதமாக வரும் வாரங்களில் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, கவனித்துக்கொள்ளவும்.

சுவருக்கு இன்று வெள்ளையடித்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். திட்டக் கணக்கு ஏற்கெனவே சர்வரில் இருக்கிறது. யாரும் அதை மாற்றப் போவதில்லை. நாம் தேர்ந்தெடுப்பது அதைப் பிரவுசரில் காட்டும் முகப்பை மட்டுமே. முதலாவது வேகமானது, கைபேசியிலும் திறக்கும். ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து வரப்போகும் கொள்முதல்காரர்களுக்கு அதைத்தான் காட்ட முடியும். இரண்டாவதில் ஆளுக்கு ஆள் நம்பர் அடிக்கலாம். போன வருடம் கொட்டகைப் பலகையில் இருந்த திட்டத்தை நீங்கள் சாக்பீஸால் மூன்று முறை அழித்து எழுதினீர்கள். அதே வேலையை சர்வரில் செய்ய உங்களுக்குக் கருவி வாங்கித் தர நான் தயாராக இல்லை.

பூண்டை எடுத்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

மெத்தோதி


ஸ்த்ரூமிட்சா, மார்ச் 28

தம்பிக்கு,

'அவர்களுக்கு', 'நீங்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எழுதும்போது பக்கத்தில் வக்கீல் யாராவது உட்கார்ந்திருந்தாரா? நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு எனக்கு வேறு ஆளில்லை.

பலகையை மூன்று தடவை அழித்தேன், உண்மைதான். ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இலிந்தென் திருநாள் அன்று மிளகாய்க்காரர்கள் எல்லாரும் நம் முற்றத்துக்கு வருகிறார்கள். ராக்கியா சாராயம் ஊற்றுகிறோம். ஒவ்வொருத்தனும் எழுந்து நின்று இந்த வருஷம் எத்தனை டன் தருவேன் என்று சொல்கிறான். உன் ஆள் அதை எழுதிக்கொண்டு போய்த் திட்டத்தில் ஏற்றுகிறான். கிளிகோர் எழுந்து "பன்னெண்டு" என்பான். பக்கத்து நிலத்துக்காரன் பத்து என்று சொல்லிவிட்டானே, பிறகு இவன் எட்டு என்பானா? அவன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது ஊருக்குச் சொல்கிற நம்பர். உனக்குச் சொல்வது இல்லை.

எனக்குச் சொல்கிற நம்பர் பிறகு வருகிறது. விருந்து முடிந்ததும் மிளகாய் நிரப்பிக் கொண்டுவர நம் காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். உடைந்தால் அவன்தான் புதுசு செய்து தர வேண்டும், வீட்டில் இடத்தையும் அடைக்கும். அதனால் நிரப்ப முடியாத பெட்டியை எவனும் தூக்கிப் போகமாட்டான். ஒரு பெட்டி பருவத்துக்குப் பத்து நடை வரும், நடைக்குப் பதினைந்து கிலோ. கிளிகோர் வருஷா வருஷம் ஐம்பது பெட்டி எடுக்கிறான். நீயே பெருக்கிக்கொள், நீ படித்தவன். ஏழரை டன்.

நீ வாயை எண்ணுகிறாய். நான் பெட்டியை எண்ணுகிறேன். எண்ணியதை எழுத எனக்கு ஒரு இடம் வேண்டும். அதனால்தான் சிலேட்டு.

வெலிகா


ஸ்கோப்யே, ஏப்ரல் 12

அக்கா அவர்களுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என நம்புகிறேன்.

முப்பது கோடி வரிகளைக் கணக்கிடும் ஒரு சர்வரைக் கிளிகோரின் வண்டியை வைத்துச் சரிபார்க்க முடியாது.

இருந்தாலும் பிடிவாதம் வேண்டாம் என்று இரண்டையும் இரண்டு மாதம் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். நெவென்கா என்ற பெண் வந்து உங்களுக்குச் சொல்லித்தருவாள். ஒரு டேப்லட்டும் கீபோர்டும் கொண்டுவருவாள். சோதனைக் காலத்தில் இரண்டு முகப்பிலும் உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டுமே. எண்ணெய்க் கையோடு தொட வேண்டாம்.

மெத்தோதி


ஸ்த்ரூமிட்சா, மே 6

தம்பிக்கு,

முழங்கால் தேவலை. உன் ரத்த அழுத்தத்தைப் பற்றி இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

நெவென்கா நல்ல பெண். முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டு வந்தாள், மறுநாள் போடவில்லை. டேப்லட்டை ரொட்டிக்கடை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டேன், அதன் மேலேயே அழுத்தினால் வேலை செய்கிறது. "அத்தை, இப்படி யாருமே யோசிச்சதில்ல" என்றாள். கொட்டகைப் பெண்களும் கூடி நின்று பார்த்தார்கள். உன் வட்டப் படத்தைப் பார்த்து ஸ்தோய்னா, "இது என்னக்கா, பாலாடைக்கட்டி ரொட்டிய இப்படியா வெட்டுவாங்க? பெரிய துண்டு யாருக்கு?" என்றாள். பெரிய துண்டு ஸ்கோப்யேவுக்குத்தான் என்றேன்.

கண்ணாடி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. இந்த வருஷத்தைப் பார்த்தோம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பிறகு நான் ஒரு அம்புக்குறியைத் தட்டினேன், அடுத்த வருஷம் வந்தது. ஜாடிக்குக் கலர் இருந்தது, லாரிக்கு, குளிர் அறைக்கு எல்லாம் இருந்தது. சுடும் கொட்டகை என்ற இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"ஏம்மா, இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "கெடல அத்தை. அங்க தரவு எதுவும் இல்ல."

"மறந்துட்டாங்களா?"

"நான் சொல்லித்தர மட்டும்தான் வந்தேன் அத்தை."

அதுக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது. 'சுட்டு உறைந்த மிளகாய், வெளியிலிருந்து.' அதற்கு நல்ல பச்சை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், ஆனால் எழுத்தெல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது.

ஸ்தோய்னா என் தோளுக்குப் பின்னால்தான் நின்றாள். நான் பையை மூடிவிட்டேன். அவள் படித்தாளா இல்லையா தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளைக் கட்டத்தை நீ நிரப்புகிறாயா, நான் நிரப்பட்டுமா?

ரத்த அழுத்தம் எப்படி?

வெலிகா


ஸ்த்ரூமிட்சா, ஜூன் 20

தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. கையில் ஏதாவது முறிவா என்று கேட்டால், இல்லை என்கிறான் ரிஸ்டோ. கடிதத்தை உன் கையிலேயே கொடுத்தானாம். நீ அங்கேயே படித்துவிட்டுக் கோட்டின் உள் பாக்கெட்டில் வைத்தாயாம். ஜூன் மாதத்தில் கோட்டு போட்டிருக்கிறாய் என்றால் உடம்புக்கு ஏதோ சரியில்லை, பார்த்துக்கொள்.

இங்கே எல்லாரும் நலம். முப்பத்தோரு பேர். எண்ணிக்கை உனக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வெலிகா


ஸ்கோப்யே, ஜூலை 3

அக்கா அவர்களுக்கு,

வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சோதனை முடிந்தது. அலுவலகத்தில் பதினோரு பேரில் பத்துப் பேர் முதல் முகப்பையே விரும்புகிறார்கள். கொள்முதல்காரர்கள் ஆகஸ்ட் இருபதில் பார்க்கிறார்கள். அதற்குள் உங்கள் கையெழுத்து வேண்டும். இரண்டாவது காகிதம் இணைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் கொட்டகை ஒரு பருவத்தில் முந்நூறு டன்னுக்கு மேல் சுடாது. இதை நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். திட்டமோ நானூறைத் தாண்டுகிறது. மீதியை எங்கே சுடுவது? பாதியை அங்கே, பாதியை இங்கே என்று இரண்டு ருசியில் ஜாடி விற்க முடியாது, அதனால் அடுத்த வருடம் மொத்தமும் சுட்டதாகவே வெளியிலிருந்து வருகிறது. இது என் முடிவு இல்லை, கணக்கின் முடிவு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் பாதித் திட்டத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டக் கூடாது என்பதற்காகத்தான் அடுத்த வருடத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

மெத்தோதி


ஸ்த்ரூமிட்சா, ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவேண்டியது முறை. கேட்டாயிற்று.

எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன், அதனால் ஒவ்வொரு சொல்லும் நன்றாக உள்ளே இறங்கியது. அப்பா ஒரு பிள்ளையைத்தான் படிக்க அனுப்ப முடியும் என்றார். நீ போனாய், நான் அடுப்புக்குப் போனேன். உன்னைப் படிக்கவைத்த புகை இந்தக் கொட்டகைப் புகைதான். அது உன் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதாம்.

முந்தாநாள் இலிந்தென். வந்திருக்கலாம் நீ. ஆட்டுக்குட்டி நன்றாக வெந்திருந்தது. கிளிகோர் எழுந்து, "நான் ஒருத்தன் மட்டும் பதினாலு டன். எழுதிக்க" என்றான். "போன வருஷம் பன்னெண்டுதானேடா சொன்ன?" என்று கேட்டேன். "போன வருஷம் சின்ன டம்ளர்ல ஊத்துன" என்கிறான்.

உன் ஆள் எல்லாருடையதையும் கூட்டி 412 என்று எழுதினான். நான் வாசலில் நின்று பெட்டியை எண்ணினேன். 1,920. அது 288 டன்.

புரிகிறதா மெத்தோதி? வாயை நம்பினால் கொட்டகை சின்னது. பெட்டியை நம்பினால் கொட்டகை போதும், பன்னிரண்டு டன்னுக்கு இடம் மிச்சம். நாலு வருஷமாகச் சரக்கு குறைந்தபோதெல்லாம் வறட்சி, ஆலங்கட்டி, வறட்சி, பனி என்று எழுதி வைத்தாய். நாலு வருஷமும் வானத்தையே திட்டினாய், அதற்கு வாயில்லை என்பதால்.

இப்போது பந்தயம். 288-ஐ உன் சர்வரில் உன் 412-க்குப் பக்கத்திலேயே ஒரு வரியாகப் போடு. செப்டம்பர் முடியட்டும். வந்த சரக்கு உன் நம்பருக்குப் பக்கமாக இருந்தால் கண்ணாடிக்குக் கையெழுத்துப் போடுகிறேன், கொட்டகைக் கதவையும் நானே பூட்டி, சாவியை ரிஸ்டோவிடம் கொடுத்தனுப்புகிறேன். என் நம்பருக்குப் பக்கமாக இருந்தால் சிலேட்டு. அடுத்த வருஷத்துக் கட்டத்தை என் விரலால் நான் நிரப்புவேன்.

முப்பத்தோரு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஸ்தோய்னா, "சாவிய நீ கொடுத்துருவியாக்கா?" என்று கேட்டாள். கொடுப்பேன் என்றேன். பிறகு எல்லாரும் அடுப்புப் பக்கம் போய்விட்டார்கள்.

வெலிகா


ஸ்கோப்யே, ஆகஸ்ட் 15

அக்கா அவர்களுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். 288 ஏற்றப்பட்டது. நீங்கள் சொன்னது என்று உங்கள் பெயரோடு.

ஜாடிகளை 412 டன்னுக்கு வரச் சொல்லியாயிற்று. கொள்முதல்காரர்களைச் செப்டம்பர் முடிவுவரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் என்ன காரணம் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முழங்காலை மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வாசலில் அத்தனை நேரம் நின்றதாக ரிஸ்டோ சொன்னான்.

மெத்தோதி


ஸ்த்ரூமிட்சா, செப்டம்பர் 19

தம்பிக்கு,

உன் ஆள் தினமும் எடைமேடையில் நின்று எழுதுகிறான், நானும் எழுதுகிறேன். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதில்லை. நேற்றுவரை 243. நடை குறைய ஆரம்பித்துவிட்டது. கிளிகோர் நேற்று வந்தான், வண்டியில் பாதிதான் நிரம்பியிருந்தது. "எங்கடா மிச்சம்?" என்றால் முயல் தின்றுவிட்டதாம்.

இந்தக் கடிதத்தில் வேறு ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, அதற்கு நீதான் காரணம் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். அடுப்பெல்லாம் நன்றாக எரிகிறது. பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வெலிகா


ஸ்கோப்யே, அக்டோபர் 6

அக்கா,

291.

சிலேட்டுக்கு என் கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ளே இருக்கிறது. உன்னுடையதையும் போடு. பாஸ்வேர்டை நெவென்கா நேரில் சொல்வாள், அதைக் கதவில் எழுதி ஒட்டாதே. கொட்டகை வரிக்கு உனக்கு எழுதும் அனுமதி கொடுத்தாயிற்று. உறைந்த மிளகாய் வரியை நீக்கிவிட்டேன். அதைச் சேர்த்தது யார் என்று கேட்காதே.

மிச்ச ஜாடிகளை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்ட அறையில் அடுக்கியிருக்கிறோம். எனக்கு ஜன்னல் தெரியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார்?

மெத்தோதி


ஸ்த்ரூமிட்சா, அக்டோபர் 30

தம்பிக்கு,

மூன்று டன் தப்பு விட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள். அடுத்த தடவை சரியாக எண்ணுகிறேன். டாக்டர் ரொம்ப நேரம் நிற்காதே என்றார். அதற்குத் தம்பி நல்ல ஏற்பாடு செய்து வைத்திருந்தான், நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். உன் ரத்த அழுத்தம் எப்படி? இந்தத் தடவை நிஜமாகத்தான் கேட்கிறேன். ஜாடிக்கு நடுவே காற்று வருகிறதா?

உன்னை நான் மன்னித்துவிடவில்லை. அது வேறு கணக்கு, அதற்குத் திரை கிடையாது.

நேற்று சிலேட்டு வந்தது. நெவென்கா கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தாள், கெட்டிக்காரி. முப்பத்தோரு பேரும் கை கழுவிவிட்டு வந்து நின்றார்கள். அடுத்த வருஷத்தைத் திறந்தோம். சுடும் கொட்டகை, வெள்ளைக் கட்டம். விரலைத் துடைத்துக்கொண்டு 300 என்று அடித்தேன். ஸ்தோய்னா, "இன்னொரு தடவ அடிக்கா, நான் சரியா பாக்கல" என்றாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புகை என்றாள். அடுப்பு அப்போது எரியவில்லை.

பிறகு எல்லாருக்கும் ரொட்டி கொடுக்க வேண்டுமே என்று அய்வார் பானையைத் தூக்கிவந்தேன். மேசையில் இடம் இல்லை. கீபோர்டின் மேல் வைத்தேன். பானையின் அடி சைபர் இருக்கிற பக்கமாக உட்கார்ந்திருந்ததாம். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. அடுத்த வருஷம் கொட்டகை சுடப்போவது மூன்றுக்குப் பின்னால் நாற்பத்தேழு சைபர் டன். படம் முழுக்கப் பச்சை. ஸ்கோப்யேயில் உன் மேனேஜர் அதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினான் என்று நெவென்காவுக்குப் போன் வந்தது.

பானையை எடுத்துவிட்டேன். சைபர்கள் இன்னும் இருக்கின்றன.

கிளிகோர் வந்து பார்த்தான். அதில் பாதியைத் தான் ஒருத்தனே தந்துவிடுவதாகச் சொன்னான். போகும்போது ஐம்பது காலிப் பெட்டி எடுத்துப் போனான்.

வெலிகா